விமர்சகர் 93 போடுகிறார், ரசிகர் திட்டுகிறார்: அட்வெஞ்சர் கேம் வாங்கும்போது யார் பேச்சைக் கேட்பது?

நீங்கள் கேட்டது இது: "புது அட்வெஞ்சர் கேம் வந்தால் விமர்சகர்கள் 90-க்கு மேல் போடுகிறார்கள், அதே கேமை ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஒரு உதாரணம். விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா?" கூடவே, இரண்டு மாதத்துக்கு ஒரு கேம்தான் வாங்க முடியும் என்றும் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு கேமை வாங்கும் முன் யார் சொல்வதை நம்புவது? நான் சில வருடங்கள் ஒரு இணைய இதழில் அட்வெஞ்சர் கேம்களுக்கு விமர்சனம் எழுதியவன். அதற்கு முன்பும் பின்பும் வெறும் ரசிகன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது, இரு தரப்பும் பெரும்பாலும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கவர் கொடுத்து மார்க் வாங்குவதை நான் பார்த்ததில்லை. ஆனால் விளம்பர அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது, அது கட்டுக்கதை இல்லை. 2007-இல் கேம்ஸ்பாட் தளத்தில் மூத்த பொறுப்பில் இருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற துப்பாக்கி கேமுக்குச் சுமாரான மார்க் போட்டார். அந்த நேரத்தில் அதே தளத்தில் அந்த கேமின் விளம்பரம்தான் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரமே அவர் வேலை போயிற்று. இதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற ஒப்பந்தத் தடை 2012-இல் நீங்கியதும், குறைந்த மார்க்குகளால் வந்த அழுத்தம்தான் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆக, நடக்கும். ஆனால் நாம் பேசும் வகையில், அதாவது கதையும் புதிரும் மட்டுமே உள்ள அட்வெஞ்சர் கேம்களை எடுக்கும் கம்பெனிகளில் பலவற்றுக்கு ஒரு தளத்தை மிரட்டும் அளவுக்கு விளம்பர பட்ஜெட்டே கிடையாது. ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடம் எடுத்த கேமை யாராவது திறந்து பார்த்தாலே போதும் என்று இருப்பார்கள்.

நீங்கள் சொன்ன உதாரணத்தைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அது ஆக்‌ஷன் அட்வெஞ்சர், 2020 ஜூன் 19 அன்று வந்தது. மார்க்குகளைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர் சராசரி 93. பயனர் சராசரியோ வெளியானபோது 10-க்கு 4-ஐக்கூடத் தொடவில்லை. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கேமுக்கு, விற்பனைக்கு வந்த சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் பூஜ்ஜியம் விழுந்தது. அவர்களில் பலர் கேமை முடித்திருக்க வழியே இல்லை, இது வெறும் கணக்கு. ஏப்ரலிலேயே கதை கசிந்திருந்தது, கோபமும் அப்போதே தயாராகிவிட்டது. கேம் வந்த அடுத்த மாதமே, ஜூலையில், மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றி, கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மார்க் போடலாம் என்றது. ஆனால் இதை வைத்து "ரசிகர் கோபமெல்லாம் போலி" என்று சொல்லிவிட முடியாது. முழுவதும் விளையாடிவிட்டு, முதல் பாகத்தில் தாங்கள் நேசித்த ஒருவருக்கு இந்தக் கதை செய்ததை ஏற்க முடியாமல் எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எவ்வளவு பேர் இந்தப் பக்கம், எவ்வளவு பேர் அந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து பிரிக்க ஒரு வழியும் இல்லை. அதனால் அந்த எண்ணை நான் எந்த முடிவுக்கும் பயன்படுத்த மாட்டேன்.

சரி, இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். விமர்சகர் கைக்கு கேம், வெளியீட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வரும். எம்பார்கோ என்று ஒரு நேரம் குறித்திருப்பார்கள், அதற்கு முன் எதுவும் வெளியிடக் கூடாது. எம்பார்கோ முடியும் நிமிடத்தில் எல்லா விமர்சனமும் ஒரே நேரத்தில் வரும், பிந்தினால் யாரும் படிக்க மாட்டார்கள். அட்வெஞ்சர் கேம் என்றால் பல சமயம் கூடவே ஒரு பிடிஎஃப் கோப்பும் வரும், அதில் எல்லாப் புதிருக்கும் விடை இருக்கும். இந்தக் கோப்பு ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இந்த வகை கேம்களின் வரவேற்பையே அது மாற்றிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவர் ஒரு புதிரில் மாட்டினால் ராத்திரி முழுக்க யோசிப்பார், மறுநாள் பஸ்ஸில் போகும்போது விடை பளிச்சென்று தோன்றும், வீட்டுக்கு ஓடுவார். அல்லது மூன்று நாள் முட்டிமோதிவிட்டு எரிச்சலோடு மூடிவைப்பார். கெடு நெருங்கும் விமர்சகர் இருபது நிமிடம் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறப்பார். ஆகவே விமர்சனத்தில் கதை, வசனம், குரல், ஓவியம், இசை எல்லாம் நன்றாக அலசப்பட்டிருக்கும். புதிர்கள் மட்டும் "சவாலாகவும் நியாயமாகவும் இருக்கின்றன" என்ற ஒரு வரியில் கடந்துபோகும். ஒரு புதிர் நியாயமானதா என்பது அதில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

இதற்குப் பழைய உதாரணம் 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'. நாயகன் தன் நண்பனின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அந்த வழியாக ஓடவைத்து, அதன் முடியைச் சேகரித்து, மேப்பிள் சிரப்பால் ஒட்டி மீசை வைத்துக்கொள்ள வேண்டும். இதில் கூத்து என்னவென்றால் நண்பனுக்கு மீசையே கிடையாது, அதனால் அவன் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும்! மறுவருடம் ஓல்ட் மேன் முர்ரே என்ற நையாண்டித் தளத்தில் எரிக் வுல்பா இந்தப் புதிரைப் படிப்படியாக விவரித்துவிட்டு, அட்வெஞ்சர் கேம்களை வேறு யாரும் கொல்லவில்லை, அவையாகவே தற்கொலை செய்துகொண்டன என்று எழுதினார். (அதே வுல்பா பிறகு 'போர்ட்டல்' கேமுக்கு வசனம் எழுதினார், திட்டியவர் செய்தும் காட்டினார்.) அந்த கேமின் மற்ற புதிர்கள் சில இந்த வகையிலேயே மிகச் சிறந்தவை என்பது என் கருத்து. ஆனாலும் இருபத்தைந்து வருடமாக எல்லாரும் பேசுவது பூனை முடியைப் பற்றித்தான்.

எதிர்ப்பக்கப் புகாரும் உண்டு. 2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் ஒரு பழைய பாணி அட்வெஞ்சர் கேம் எடுக்க, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டது. 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதுதான் 'புரோக்கன் ஏஜ்'. 2014 ஜனவரியில் முதல் பாகம் வந்தது. விமர்சகர்கள் ஓவியத்தையும் குரல்களையும் பாராட்டித் தள்ளினார்கள். பணம் போட்ட ரசிகர்களில் பலர், "இவ்வளவு சுலபமான புதிருக்கா நாங்கள் காசு கொடுத்தோம்?" என்று முணுமுணுத்தார்கள். 2015 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகத்தில் புதிர்கள் நன்றாகவே கடினமாயின. இப்போது விமர்சகர்கள், கதை இழுக்கிறது, அதே இடங்களில் சுற்ற வேண்டியிருக்கிறது என்றார்கள். என்னைக் கேட்டால் முதல் பாகத்தின் விஷயத்தில் ரசிகர்கள் பக்கம் நிற்பேன், இரண்டாவதில் விமர்சகர்கள் பக்கம். அந்த கேமைப் பற்றி "நல்ல வரவேற்பா, இல்லையா" என்று ஒரு வார்த்தையில் கேட்டால் பதில் சொல்லவே முடியாது.

ரசிகர்கள் எந்தப் பொருளை மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' போல வேறு உதாரணம் இல்லை, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். முதல் மங்கி ஐலண்ட் 1990-இல், இரண்டாவது 1991-இல். இரண்டாவதின் முடிவு விளையாடியவர்களை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு, இரண்டையும் உருவாக்கிய ரான் கில்பர்ட் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார். 1997, 2000, 2009 என்று தொடர்ச்சிகள் வந்தன, ஆனால் அவர் தலைமையில் இல்லை. முப்பது வருடம் ரசிகர்கள் மனதில் ஒரு கேம் ஓடிக்கொண்டிருந்தது, கில்பர்ட் எடுத்திருந்தால் மூன்றாவது எப்படி இருந்திருக்கும் என்று. 2022 ஏப்ரல் 1 அன்று, புது மங்கி ஐலண்ட் எடுக்கப்போவதாக அவர் தன் வலைத்தளத்தில் எழுதினார். தேதியைப் பார்த்துப் பலர் நம்பவில்லை. சில நாளில் உண்மை என்று தெரிந்தபோது ஒரே கொண்டாட்டம். பிறகு ரெக்ஸ் குரோல் தலைமையில் வரைந்த படங்கள் வெளிவந்தன. காகிதத்தை வெட்டி ஒட்டியது போலக் கோணக் கோணமான முகங்கள். சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன பழைய பிக்ஸல் ஓவியத்தை எதிர்பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். பேச்சு தனிநபர் வசையாக மாறியதும் கில்பர்ட் தன் தளத்தில் பின்னூட்டங்களை மூடிவிட்டார், இனி இந்த கேமைப் பற்றி அங்கே எழுதப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அவர் தரப்பு வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 1990-இல் அவர்கள் பழமைக்காகப் பிக்ஸலில் வரையவில்லை, அன்றைக்கு இருந்த திரையில் அதுதான் முடிந்தது. ரெட்ரோவாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசையை 2017-இல் வந்த 'திம்பிள்வீட் பார்க்' கேமில் அவர் தீர்த்துக்கொண்டுவிட்டார். ஆனால் ரசிகர்கள் கேட்டது ஓவியப் பாணியை மட்டும் இல்லை, முப்பது வருடம் தங்கள் தலைக்குள் விளையாடிய அந்த கேமை. அதை யாராலும் எடுத்துத்தர முடியாது. 1997-இல் வந்த மூன்றாவது கேமின் கார்ட்டூன் பாணியைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், இன்று அதன் அழகைப் பற்றி உருகாத ஆள் இல்லை. 2022 செப்டம்பர் 19 அன்று கேம் வெளியானது. விமர்சகர்கள் சராசரி 80-களின் நடுப்பகுதியில் நின்றது, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையிலும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மாதக்கணக்கில் ஓடிய ஓவியச் சண்டை, விளையாடத் தொடங்கியதும் அரை மணி நேரத்தில் பலருக்கு மறந்துபோனது. வெளிவராத கேமைப் பற்றிய கோபத்துக்கு நான் மதிப்புக் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உண்மையான பிளவு அதன் பிறகு வந்தது. கேமின் முடிவு. அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன், நீங்கள் வாங்கக்கூடும். சிலருக்கு அது கண்ணில் நீர் வரவைத்த விடைபெறல், சிலருக்கு முப்பது வருடக் காத்திருப்பைக் கேலி செய்தது. விமர்சனங்களைத் திரும்பிப் போய்ப் பார்த்தால் இந்த விவாதம் அவற்றில் நேரடியாக இருக்காது. முடிவைச் சொல்லக் கூடாது என்பது விமர்சகர்களுக்கு வாசகர் மரியாதையாலும் விதி, பெரும்பாலும் எம்பார்கோ நிபந்தனையாலும் விதி. "முடிவு எல்லாருக்கும் பிடிக்காமல் போகலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர வேண்டும். கதைக்காகவே விளையாடும் ஒரு வகையில், ரசிகர்கள் எதைப் பற்றி அதிகம் சண்டை போடுகிறார்களோ அதை மட்டும் விமர்சகர் தொடக்கூடாது. அத்தியாயம் அத்தியாயமாக வந்த கேம்களில் இது இன்னும் மோசம். டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' 2012-இல் ஐந்து தவணைகளாக வந்தது. நாம் எடுக்கும் முடிவுகள் கதையை மாற்றும் என்பதே அதன் கவர்ச்சி. முதல் தவணைக்கு மார்க் போட்டவர்களுக்கு அது மாற்றுமா, மாற்றாதா என்று தெரிய வழியே இல்லை. ஐந்தையும் முடித்த பிறகுதான், தேர்வுகள் உண்மையில் எவ்வளவு மாற்றின என்ற வாதமே சூடுபிடித்தது.

நீளத்தையும் விலையையும் பற்றிய சண்டை இன்னொன்று. விமர்சகருக்கு கேம் இலவசம், அவரிடம் இல்லாதது நேரம். இரண்டு மணி நேரத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் கேம் அவருக்கு வரம். காசு கொடுத்தவர் அதே இரண்டு மணி நேரத்தை விலையால் வகுத்துப் பார்ப்பார். 2013-இல் வந்த 'கான் ஹோம்' இரண்டு மணி நேர கேம், விலை 20 டாலர். பாலிகான் தளம் 10-க்கு 10 கொடுத்து அந்த வருடத்தின் சிறந்த கேமாகவும் தேர்ந்தெடுத்தது. மெட்டாகிரிட்டிக் பயனர் மார்க் பாதியைச் சுற்றியே நின்றது, "இது கேமே இல்லை, வீட்டுக்குள் நடப்பது" என்ற கிண்டல் அப்போது பரவியதுதான்.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2023 ஜூலை 31 அன்று வந்த 'வெண்பா'. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் எடுத்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தைச் சரிசெய்வதே புதிர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாராட்டியவர்களும் குறை சொன்னவர்களும் சேர்ந்தே சொன்னது அதுதான், "சின்னதாக இருக்கிறது". ஆனாலும் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் முதன்மைப் பரிசும் அதற்குத்தான். முதல் புதிரே இட்லி. வெளிநாட்டு விமர்சகர் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசித்து ரசிக்கும் இடத்தில், வீட்டில் இட்லிப் பானை உள்ளவருக்குப் புதிர் என்றே தோன்றாது, கை தானாகப் போகும். புதிர் சுலபம் என்று நம் ஆட்கள் சொன்னால் அது உண்மை, சுவாரஸ்யம் என்று அவர்கள் சொன்னாலும் உண்மை. எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது, ஆனால் நான் அதைச் சலுகை விலையில் வாங்கினேன் என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மெட்டாகிரிட்டிக்கின் 85 என்பது பல தளங்கள் கொடுத்த மார்க்குகளின் சராசரி. அதிலும் எல்லாத் தளத்துக்கும் ஒரே எடை கிடையாது, எதற்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஸ்டீமில் 96% என்பது மார்க்கே இல்லை. 100 பேரில் 96 பேர் "பரிந்துரைக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வருகிறவர்களிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் பெரும்பாலும் வரும், அதைக் கூட்டிப் போட்ட சதவீதம் மாதிரி. அதோடு, ஒரு தொடரின் ஐந்தாவது கேமை வாங்குகிறவர் முந்தைய நான்கையும் ரசித்தவராகத்தான் இருப்பார். அவர் கூட்டத்தில் 95% பேருக்குப் பிடித்தது, புதிதாக வரும் உங்களுக்குப் பிடிக்குமா என்பதைச் சொல்லாது. இன்னொரு நுணுக்கம்: 2016 முதல், ஸ்டீமில் நேரடியாக வாங்காமல் வேறு இடத்தில் கிடைத்த கீ (கேமைத் திறக்கும் குறியீடு) மூலம் பெற்றவர்களின் ரிவ்யூ இந்தச் சதவீதத்தில் சேராது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்டவர்களுக்குக் கீதான் கிடைக்கும், ஆகவே அவர்கள், அதாவது மிகத் தீவிர ரசிகர்களும் மிகக் கடுமையான ஏமாற்றம் அடையக்கூடியவர்களும், அந்த எண்ணில் இல்லவே இல்லை.

கேமோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகவும் எண் சரியும். 'ஃபயர்வாட்ச்' 2016-இல் வந்த அமைதியான கதை கேம். 2017 செப்டம்பரில் பியூடிபை என்ற யூட்யூபர் நேரலையில் இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னதால், அவர் தங்கள் கேமை வைத்துப் போட்ட வீடியோவை நீக்கச் சொன்னது அந்த நிறுவனம். உடனே ஸ்டீமில் எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன. கேமில் ஒரு வரிகூட மாறவில்லை. அதே மாதம்தான் ஸ்டீம், காலவாரியாக ரிவ்யூக்களைக் காட்டும் வரைபடத்தைக் கொண்டுவந்தது. அந்த வரைபடத்தில் திடீரென்று ஒரு சிவப்புத் தூண் எழும்பி நின்றால், தேதியை வைத்துச் செய்தியைத் தேடிப் பாருங்கள்.

காலப்போக்கில் யார் சொன்னது நிற்கிறது என்றால், அதிலும் விதி இல்லை. 1993-இல் 'மிஸ்ட்' வந்தபோது தீவிர அட்வெஞ்சர் ரசிகர்கள் அதை அழகான படக்காட்சி என்று ஒதுக்கினார்கள். அது 60 லட்சத்துக்கு மேல் விற்றது, 2002-இல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை கம்ப்யூட்டரில் அதிகம் விற்ற கேம் அதுதான். 1998-இல் 'கிரிம் ஃபண்டாங்கோ'வை கேம்ஸ்பாட் அந்த வருடத்தின் சிறந்த கணினி கேமாகத் தேர்ந்தெடுத்தது, விற்பனையோ படுத்துவிட்டது. அதை வாங்கி விளையாடியவர்களின் பெரிய புகார், டாங்கியை ஓட்டுவது போன்ற அந்தக் கீபோர்டு நடை. 2015-இல் மறுபதிப்பு வந்தபோது மவுஸால் ஆடும் வசதியைச் சேர்த்தார்கள், அதற்கு அடித்தளம் ஒரு ரசிகர் சொந்தமாக எழுதி வைத்திருந்த மாற்றம். கதையைப் பற்றி விமர்சகர்கள் சொன்னதும் சரி, கீபோர்டு நடையைப் பற்றி ரசிகர்கள் சொன்னதும் சரி.

இதையெல்லாம் வைத்து உங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு கேமுக்கு வருவோம். திகில் வகையை நான் விளையாடுவதில்லை, அதற்கு என் ஆலோசனை பொருந்துமா என்று உறுதி சொல்ல மாட்டேன். மற்றவற்றுக்கு, வெளியான அன்றே வாங்காதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். கதை, வசனம், நடிப்பு, தொழில்நுட்பக் கோளாறு ஆகியவற்றுக்கு விமர்சகரை நம்புங்கள், அதுவும் உங்களுக்கு ஏற்கனவே பிடித்த ஒரு கேமைப் பற்றி ஒத்த கருத்து எழுதிய ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிர், நீளம், முடிவு ஆகியவற்றுக்கு ஸ்டீமின் எதிர்மறை ரிவ்யூக்களுக்குப் போங்கள். ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கும். அரை மணி நேரம் என்றிருந்தால் கேம் ஓடவில்லை என்ற புகாரா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். முடித்தவர் எழுதிய திட்டு, முடித்தவர் எழுதிய பாராட்டைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும். "புதிர்கள் குழந்தைத்தனம்" என்று ஒருவர் திட்டியிருந்து உங்களுக்குக் கடினப் புதிர் பிடிக்காதென்றால், அதுவே வாங்கச் சொல்லும் பரிந்துரை. டெமோ இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் அதை ஆடிவிடுங்கள். கடைசியாக, ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஓடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் மெனுவில் நின்ற நேரமும் சேரும், அதனால் கேமைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.